எதிராளி கையில் என்ன சீட்டு?

சினிமாவில் போக்கர் ஆடுகிறவர்கள் எல்லோரும் முகம் பார்த்து ஜோசியம் சொல்கிற ஆட்கள்தான். 2006-ல் வந்த 'கேசினோ ராயல்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் வில்லனின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். உதார் விடும்போது வில்லனின் கை கண்ணோரத்துக்குப் போகிறது என்று கண்டுபிடித்தும் விடுவார். அதை நம்பி மொத்தப் பணத்தையும் வைப்பார், தோற்பார். ஏனென்றால் அந்தக் குட்டு வெளியானது வில்லனுக்குத் தெரிந்துவிட்டது, வேண்டுமென்றே நடித்திருக்கிறான்! படம் பார்க்கிறவர்கள் இதை ஒரு திருப்பமாக ரசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போக்கரைப் பற்றி அந்தப் படம் சொல்லும் உருப்படியான பாடம் அதுதான் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

எதிராளியின் சீட்டைப் 'படிப்பது' என்றால் அவன் கையில் இருக்கும் இரண்டு சீட்டையும் பேர் சொல்லிக் கண்டுபிடிப்பது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அப்படிச் சொல்ல முயல்கிறவன் தவறாக ஆடுகிறான். அவன் சொன்னது சரியாகவே இருந்தாலும் தவறாகத்தான் ஆடுகிறான். கேட்பதற்குக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். கணக்கு போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

முதலில் ரம்மியிலிருந்து ஆரம்பிக்கலாம், அது எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். பக்கத்தில் இருப்பவர் திறந்த சீட்டிலிருந்து ஆர்ட்டின் 7-ஐ எடுக்கிறார். உடனே அடுத்து உட்கார்ந்திருப்பவர் ஆர்ட்டின் 6-ஐயும் 8-ஐயும் கீழே போடாமல் பிடித்துவைப்பார். எடுத்தவர் கையில் என்ன இருக்கிறது என்று இவருக்கு நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. 5-6 இருக்கலாம், 6-8 இருக்கலாம், 8-9 இருக்கலாம், வேறு இரண்டு 7-கூட இருக்கலாம். ஒரு பட்டியல்தான் தெரியும். அந்தப் பட்டியல் முழுவதற்கும் சேர்த்து எது பாதுகாப்போ அதைச் செய்கிறார். கல்யாண வீட்டில் விடிய விடியச் சீட்டாடும் சித்தப்பாக்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்கிற வேலை இது. போக்கரிலும் இதேதான். பட்டியல் பெரியது, ஒவ்வொரு சுற்றிலும் பணம் ஏறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உலகம் முழுக்க அதிகம் ஆடப்படும் போக்கர் வகை டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் மறைவாக 2 சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு விழும். முதலில் 3, பிறகு 1, கடைசியாக இன்னொரு 1. பொதுச் சீட்டு விழுவதற்கு முன் ஒரு முறையும், ஒவ்வொரு கட்டத்துக்குப் பின் ஒரு முறையும் ஆக 4 முறை பந்தயம் கட்டலாம். ஏழு சீட்டில் சிறந்த ஐந்து யாருக்கு அமைகிறதோ அவருக்கு நடுவில் சேர்ந்த பணம், அதாவது பாட். மற்றவர்கள் எல்லோரும் பயந்து விலகிவிட்டால் சீட்டைக் காட்டாமலேயே எடுத்துக்கொள்ளலாம். உதாருக்கு இடம் கிடைப்பது இந்த விதியால்தான்.

52 சீட்டில் 2 சீட்டை 1326 விதமாக எடுக்கலாம். தன் கையில் இருக்கும் இரண்டைக் கழித்தால் எதிராளிக்கு 1225 விதம். ஆட்டம் தொடங்கும்போது பட்டியலின் நீளம் இது. அவன் செய்கிற ஒவ்வொரு காரியமும் இதில் கொஞ்சத்தை வெட்டுகிறது.

ஒரு உதாரணம். மிகவும் ஜாக்கிரதையாக ஆடும் ஒருவர் ஆரம்பத்திலேயே பெரிய தொகை வைக்கிறார். ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங் இந்த நான்கில் ஒன்று இருந்தால்தான் அவர் அப்படி வைப்பார் என்பது தெரிந்த விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் கையில் கிங் ஜோடி. 'ஐயோ, ஏஸ் ஜோடியாக இருக்குமோ!' என்றுதான் மனசு முதலில் அடித்துக்கொள்ளும். எண்ணிப் பாருங்கள். நான்கு ஏஸில் இரண்டை 6 விதமாக எடுக்கலாம். குயின் ஜோடியும் அப்படியே 6 விதம். கிங் இரண்டு ஏற்கெனவே போய்விட்டதால் மீதி இரண்டு கிங்கில் ஒரே ஒரு ஜோடி. ஏஸ்-கிங் என்றால் 4 ஏஸ், 2 கிங், ஆக 8 விதம். மொத்தம் 21. இதில் தோற்பது 6, சமம் 1, மீதி 14-லும் கிங் ஜோடி முன்னால் நிற்கிறது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. பயப்படுகிறவன் கண்ணுக்கு 6 மட்டும் தெரிகிறது, எண்ணுகிறவனுக்கு 21-ம் தெரிகிறது.

பயந்து விலகியவனிடம் எதிராளி உண்மையிலேயே ஏஸ் ஜோடியைக் காட்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 'எனக்கு அப்பவே தெரியும்!' என்று ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிவான். அடுத்த முறையும் விலகுவான். 21-ல் 14 முறை ஜெயிக்க வேண்டியதை விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பான். தப்பாக ஊகித்து மாட்டிக்கொள்கிறவனாவது திருந்துவான், அதிர்ஷ்டத்தில் சரியாக ஊகித்தவன் திருந்த வழியே இல்லை.

இதற்கு எல்லோரும் பார்த்த ஒரு ஆட்டமே சாட்சியாக இருக்கிறது. 2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர், ஆடியவர்கள் 839 பேர், முதல் பரிசு 25 லட்சம் டாலர். கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் சாமி ஃபார்ஹா, அனுபவப்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர். இன்னொருவர் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரே அதுதான்!), டென்னசியைச் சேர்ந்த கணக்காளர். 100 டாலருக்கும் குறைவான ஒரு ஆன்லைன் தகுதிச் சுற்றில் ஜெயித்து உள்ளே வந்தவர்.

அந்த இருவர் ஆட்டத்தின் நடுவே ஒரு கை. மணிமேக்கரிடம் ஸ்பேடு கிங், ஆர்ட்டின் 7. ஃபார்ஹாவிடம் ஸ்பேடு குயின், ஆர்ட்டின் 9. நடுவில் முதலில் விழுந்தவை ஸ்பேடு 9, டைமண்ட் 2, ஸ்பேடு 6. ஃபார்ஹாவுக்கு 9 ஜோடி, அப்போதைக்கு முன்னணி. இருவரும் பணம் வைக்கவில்லை. நான்காவதாக ஸ்பேடு 8. ஃபார்ஹா பந்தயம் வைக்கிறார், மணிமேக்கர் அதை இன்னும் ஏற்றுகிறார், ஃபார்ஹா ஈடு கொடுக்கிறார். மணிமேக்கருக்கு இன்னொரு ஸ்பேடு வந்தால் ஃப்ளஷ், ஒரு 10-ஓ 5-ஓ வந்தால் வரிசை. ஐந்தாவதாக வந்தது ஆர்ட்டின் 3. எதற்கும் உதவாத சீட்டு. மணிமேக்கர் கையில் ஒரு ஜோடிகூட இல்லை. அப்படியே மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிட்டார்!

ஃபார்ஹா ரொம்ப நேரம் யோசித்தார். ஃப்ளஷ் வராமல் போய்விட்டதோ என்று மணிமேக்கரைப் பார்த்து வாய்விட்டே கேட்டார். நடந்தது அதேதான். மணிமேக்கரின் சீட்டை அவர் கிட்டத்தட்டப் பேர் சொல்லிக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்தும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகினார். போட்டியையும் பிறகு இழந்தார். ஒரு கணக்காளர் ஜெயித்ததைப் பார்த்து உலகமே போக்கர் ஆடக் கிளம்பியது. அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு வந்தவர்கள் 2576 பேர்.

டிவியில் பார்த்தவர்கள் ஃபார்ஹாவைக் கிண்டல் செய்தார்கள். மேஜைக்குள் வைத்த கேமரா இருவர் சீட்டையும் காட்டிவிட்டதால் அவர்களுக்கு எல்லாம் தெரியும். ஃபார்ஹாவுக்குத் தெரிந்தது ஏழு சீட்டு. தெரியாதது 45. அதிலிருந்து 2 சீட்டு என்றால் 990 விதம். அவர் இடத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால்தான் நியாயம்.

நான்காவது சீட்டிலேயே முடிந்துவிட்ட கைகள் எத்தனை? ஸ்பேடு மொத்தம் 13. நடுவில் 3, ஃபார்ஹா கையில் 1, மிச்சம் 9. அதில் இரண்டை எடுக்க 36 விதம், அத்தனையும் ஃப்ளஷ். (ஃபார்ஹா கையில் ஸ்பேடு குயின் இல்லாமலிருந்தால் இதுவே 45. தன் கையிலுள்ள ஒரே ஒரு சீட்டு எதிராளியின் ஃப்ளஷ்ஷில் ஐந்தில் ஒரு பங்கை அழித்துவிடுகிறது!) அடுத்து வரிசை. 10-7 இருந்தாலும் 7-5 இருந்தாலும் அமையும். ஒவ்வொன்றுக்கும் 16 விதம். இரண்டுமே ஸ்பேடாக இருப்பதை ஏற்கெனவே ஃப்ளஷ்ஷில் எண்ணியாயிற்று, அதைக் கழித்தால் 15-ம் 15-ம் 30. பிறகு ஒரே எண் மூன்று சேர்வது. 8, 6, 2 மூன்றுக்கும் தலா 3 விதம், 9-க்கு 1 விதம், ஆக 10. மொத்தம் 76 கைகள் ஃபார்ஹாவைத் தோற்கடிக்கும்.

எதிர்ப்பக்கம்? ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருந்து கிடைக்காமல் போன கைகள். ஸ்பேடு ஏஸ் அல்லது ஸ்பேடு கிங், கூடவே ஸ்பேடு இல்லாத ஒரு சீட்டு. ஸ்பேடு இல்லாதவை 36 பாக்கி. அதில் ஃபார்ஹாவை எப்படியும் ஜெயித்துவிடும் ஜோடிகளைக் கழித்தால் ஒவ்வொன்றுக்கும் 31, ஆக 62. (சின்ன ஸ்பேடுகள், இரண்டு ஜோடி இவற்றை எல்லாம் விட்டாயிற்று. முழுக்கணக்கு இன்னும் நீளம்.)

76-க்கு 62. பார்த்தால் கிட்டத்தட்டச் சரிபாதி மாதிரி இருக்கிறது. பாட்டில் 100 ரூபாய் இருக்கும்போது எதிராளி 100 வைத்தால், ஈடு கொடுப்பவர் 100 போட்டு 200 ஜெயிக்கப் பார்க்கிறார். மூன்றில் ஒரு முறை ஜெயித்தாலே முதலுக்கு மோசமில்லை. புரிவதற்காக இந்தக் கையையும் அப்படியே வைத்துக்கொண்டால் 138-ல் 62 என்பது 45 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு ஈடு கொடுக்கலாமே?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 76 கைகளும் பணத்தை உள்ளே தள்ளும், அதில் பெரிதாகச் சந்தேகமில்லை. ஆனால் 62 கைகளும் தள்ளுமா? உலகப் போட்டியின் கடைசி மேஜையில், டிவி கேமரா முன்னால், கையில் ஒன்றுமே இல்லாமல் மொத்தத்தையும் வைக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? பாதிப் பேர் வைப்பார்கள் என்றால் 31. அப்போது 107-ல் 31, அதாவது 29 விழுக்காடு. விலகுவதே சரி. மூன்றில் இரண்டு பேர் வைப்பார்கள் என்றால் 41. அப்போது 117-ல் 41, அதாவது 35 விழுக்காடு. ஈடு கொடுப்பதே சரி. கோடு அவ்வளவு மெல்லியது. ஆக ஃபார்ஹா முன்னால் இருந்த கேள்வி 'இவனிடம் ஃப்ளஷ் இருக்கிறதா' என்பதே இல்லை. 'முன்பின் தெரியாத இந்தக் கணக்காளர் இப்படிப்பட்ட கைகளை எத்தனை முறைக்கு ஒரு முறை உள்ளே தள்ளுவார்' என்பதுதான். அதற்குப் பதில் ஃபார்ஹாவிடம் இல்லை. ஒரு அறிமுகமில்லாத ஆள் இத்தனை உதார் விடமாட்டான் என்று எடை போட்டு விலகினார் என்றால் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. இந்த ஒரு முறை தப்பாகப் போனது என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

இந்த வித்தியாசம் பிடிபடாதவர்களுக்குப் போக்கர் புரியாது. போக்கர் என்ன, காமர்ஸே புரியாது. நூறு பேருக்குக் கடன் கொடுத்து மூன்று பேர் ஏமாற்றினால் அந்த மூன்று பேரை முன்பே தெரிந்துகொள்ளவில்லை என்று வங்கி மேலாளரைத் திட்டுவதில்லை. நூறு பேரையும் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தார், வட்டி அந்த நஷ்டத்தைத் தாங்குமா என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு முடிவின் தரத்தை அப்போது கையிலிருந்த தகவலை வைத்து அளக்க வேண்டும், பிறகு திறந்து பார்த்த சீட்டை வைத்து அளக்கக் கூடாது.

'அப்படியானால் முகம் பார்ப்பதெல்லாம் சும்மாவா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மைக் காரோ என்பவர் 1984-ல் ஆட்டக்காரர்களின் உடல்மொழியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பலவீனமான கை வைத்திருப்பவர் பலசாலி மாதிரியும், பலமான கை வைத்திருப்பவர் சுரத்தில்லாத மாதிரியும் நடிப்பார்கள் என்பது அவர் சொன்னவற்றில் பிரபலமானது. கை நடுக்கம், பெருமூச்சு எல்லாம் தகவல்கள்தான். ஆனால் அவை பட்டியலில் இருக்கும் கைகளின் எடையைக் கொஞ்சம் மாற்றும், அவ்வளவே. 50 விழுக்காடு உதார் என்று நினைத்ததை 60 என்று மாற்றிக்கொள்ளலாம். பட்டியலே போடாதவன் முகத்தைப் பார்த்து எதை மாற்றுவான்?

முகமே இல்லாமல் ஆடலாம் என்பதும் நிரூபணமாகிவிட்டது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'லிப்ராட்டஸ்' என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் மோதியது. 20 நாள், 1,20,000 கைகள். முடிவில் 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சிப்ஸ் அளவுக்கு நிரல் முன்னால் இருந்தது. அதற்குக் கண் கிடையாது. எதிரே இருப்பவன் வியர்த்தானா என்று தெரியாது. மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துக்கூட அது கற்கவில்லை, தனக்குத் தானே கோடிக்கணக்கில் ஆடிப் பழகியது. எதிராளியிடம் இருக்கக்கூடிய எல்லாக் கைகளையும், தன்னிடம் இருப்பதாக எதிராளி நினைக்கக்கூடிய எல்லாக் கைகளையும் சேர்த்து வைத்துக் கணக்கு போட்டது. உதாரும் விட்டது. உதார் என்பது துணிச்சல்காரனின் குணம் என்பதைவிடக் கணக்கின் தேவை என்பதுதான் சரி. ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944-ல் எழுதிய புத்தகத்திலேயே போக்கரை வைத்து இதை விளக்கிவிட்டார்கள். உதாரே விடாதவன் பணம் வைத்தால் பட்டியலில் நல்ல கைகள் மட்டும்தான் இருக்கும், எல்லோரும் விலகிவிடுவார்கள், நல்ல கை வந்தும் அவனுக்குப் பணம் கிடைக்காது.

இத்தனை கணக்கும் எதற்கு, பொழுதுபோக்குக்குச் சீட்டாடுகிறவனுக்கு இது அவசியமா என்று தோன்றலாம். பணம் உள்ளே வருகிற வரைக்கும் அவசியமில்லை. வந்துவிட்டால் வேறு கதை. 'போக்கர் திறமை ஆட்டம்' என்ற வாசகத்தை நம்பித்தான் காலேஜ் பையன்கள் பலர் உள்ளே இறங்கினார்கள். அந்த வாசகம் பொய்யும் இல்லை. தமிழ்நாடு அரசின் தடைச் சட்ட வழக்கில் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்றுதான் சொன்னது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையா வாய்ப்பா என்ற வேறுபாடே பார்க்காமல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. எது சரி என்று வக்கீல்கள் வாதாடட்டும். ஆடுகிறவனுக்குத் தேவையான கேள்வி வேறு. ஆட்டத்தில் திறமை இருக்கிறது, சரி. அது அவனிடம் இருக்கிறதா?

ஒரு கணக்கு. எட்டுப் பேர் ஆளுக்கு 1000 ரூபாயோடு உட்காருகிறார்கள், மேஜையில் 8000. ஆட்டம் நடத்துகிறவர் ஒவ்வொரு பாட்டிலும் 5 விழுக்காடு எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 400 ரூபாய் பாட் என்றால் கைக்கு 20 ரூபாய். 100 கை முடிந்தால் 2000 ரூபாய் மேஜையை விட்டே போய்விட்டது, நாலில் ஒரு பங்கு! எட்டுப் பேரும் ஒரே அளவு திறமைசாலிகள் என்றால் எட்டுப் பேருக்குமே நஷ்டம். மற்றவர்களைவிட நன்றாகப் படித்தால் போதாது, இந்தக் கமிஷனையும் தாண்டும் அளவுக்கு நன்றாகப் படிக்க வேண்டும். 'முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்' என்கிறவன் இந்த 20 ரூபாயை எண்ணுவதே இல்லை. எதிராளியின் சீட்டை எண்ணாதவன் சொந்த நஷ்டத்தை மட்டும் எண்ணப்போகிறானா என்ன? ஜெயித்த இரண்டு ராத்திரிகள் திறமை என்று ஞாபகம் இருக்கும், தோற்ற பத்து ராத்திரிகள் துரதிர்ஷ்டம் என்று மறந்துபோகும்.

உண்மையில் பட்டியல் போடப் பழகியவர்கள் அடக்கமாகத்தான் பேசுவார்கள். 'தெரியும்' என்று சொல்வது குறைந்து 'பத்தில் நாலு' என்று சொல்வது கூடிவிடும். பட்டியல் எத்தனை நீளமானது என்று பார்த்துவிட்ட பிறகு பெருமையடிக்க வாய் வராது. அந்த அடக்கம் வந்தவர்களில் பாதிப் பேர் பணம் வைக்காமல் தீப்பெட்டிக் குச்சி வைத்தே ஆடிக்கொள்கிறார்கள், ஆட்டம் அதனால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

ஹாஸ்டலில் அடுத்த முறை யாராவது சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு 'எனக்கு அப்பவே தெரியும்' என்றால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அதே மாதிரி பணம் வைக்கக்கூடிய வேறு கைகள் எத்தனை இருந்தன? எண்ணிக்கை சொன்னால் அவனோடு உட்கார்ந்து ஆடிப் பழகலாம். முழித்தால் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, நடந்துவிட்டது, அவ்வளவுதான்.